கருநொச்சி கையில் தீ

டீ வருகிற வரைக்கும்தான் எனக்கு நேரம். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஸ்டான்லி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான், டீயும் வடையும் வாங்கிட்டு வாரதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிரு நயினாரு, இல்லன்னா அந்த அரக்கிய எங்க சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயி நானே ஞானஸ்நானம் குடுத்துருவேன் என்று. எல்லாரும் சிரித்தோம். என் சிரிப்பு மட்டும் பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது. இப்போது அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஸ்டான்லியின் அண்ணன் நடத்துகிற டியூஷன் சென்டர் இது, பாளையங்கோட்டையில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகள் வராது என்பதால் எங்களுக்கு. கீழே யாரோ ஒரு வண்டியை முறுக்கி முறுக்கிப் பார்க்கிறான், ஒவ்வொரு முறுக்குக்கும் தரை நடுங்குகிறது, மேசை மேல் கிடக்கிற இருபது முக டைஸும் நடுங்குகிறது. அது தானாக உருண்டு ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் நன்றாயிருக்கும், நான் வாயைத் திறக்க வேண்டாம். ஆனால் டைஸ் சொல்லுகிற காரியம் இல்லை இது. இந்த விளையாட்டில் கதை சொல்லுகிறவன் நான். பலகை கிடையாது, திரை கிடையாது, நான் வாயால் உண்டாக்குகிற ஒரு உலகம், அதற்குள் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு ஆளாக நடக்கிறார்கள், அவர்கள் செய்வது பலிக்குமா, எவ்வளவு அடிபடும் என்பதை மட்டும் டைஸ் சொல்லும். ஸ்டான்லி இயக்கர் குலத்து வில்லாளி. கோமதிநாயகம் மானுடன், தீக்காவலன், அதாவது தெய்வத்தின் தீயைக் கையில் ஏந்தி அதற்காகச் சண்டை போடுகிற புனித வீரன். முப்பிடாதி அரக்கர் குலம், கருநொச்சி என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வாரம் ஆற்றைக் கடக்கும்போது கோமதியின் தீக்காவலன் செத்துப்போனான். இன்றைக்குக் கோட்டை வாசலில் தீ எரிகிறது, அதைக் காக்கிற கிழட்டுக் காவலர்கள் இருக்கிறார்கள், ஏந்தி மலைமேல் கொண்டுபோக ஆளில்லை. ஸ்டான்லியின் வில்லாளி வில்லுக்குச் சத்தியம் செய்தவன், இன்னொரு சத்தியம் செய்ய முடியாது. பொழுது சாய்வதற்குள் தீ மலையேறாவிட்டால் கோட்டை விழும், ஆடியிலிருந்து நாங்கள் விளையாடிய அவ்வளவும் அதோடு சரி. முப்பிடாதி வந்து உட்கார்ந்ததும் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள், கருநொச்சி ஏந்துவா.

முடியாது என்றான் கோமதி. அவன் கோபமாகச் சொல்லவில்லை, பரீட்சை ஹாலில் தப்பான வினாத்தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லுகிற மாதிரி சொன்னான். செத்துப்போனவனுக்கு ஒரு தம்பியைத் தயார் செய்து வைத்திருக்கிறானாம், மானுடன், அவன் வாசலில் வந்து நிற்கட்டும், அவன் ஏந்தட்டும். அரக்கர் தீ ஏந்த முடியாதுன்னு சொன்னது நானா, நீதான. சொல்லிவிட்டுப் போனை எடுத்தான். நான் எதையும் எழுதுகிற ஆள் இல்லை, எனக்கு எல்லாம் காதால் வந்தது, வாயால்தான் போகும், அதனால் இந்த உலகத்தின் கதைகளையெல்லாம் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவைத்திருந்தேன். கோமதி தேடி எடுத்து ஒலியைக் கூட்டி வைத்தான். போனுக்குள்ளிருந்து ஒருவன் பேசினான். மெதுவாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எதிராளி மூச்சுவிட இடம் கொடுத்து, தீ மூட்டுன அன்னைக்கு அரக்கரெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு நின்னாங்க, அதனால தீக்கு அவங்க முகம் தெரியாது, அவங்க கை பட்டா அது அணைஞ்சுபோகும். நான்தான். ஆனால் நான் இல்லை. அது சின்ன வயசில் எனக்குக் கதை சொன்ன தாத்தா. மூச்சு வாங்குகிற இடம் தாத்தா, கடைசிச் சொல்லைத் தரையில் வைக்கிற மாதிரி வைத்தது தாத்தா. என் குரலை நான் வெளியிலிருந்து இவ்வளவு சத்தமாகக் கேட்டது இல்லை, எல்லாரும் நீ எவ்வளவு மெதுவாப் பேசுத நயினாரு, உங்கூட சண்டையே போட முடியாது என்பார்கள், அதை ஒரு நல்ல குணம் என்று இத்தனை வருஷம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோமதி நிறுத்தியபோது முப்பிடாதி என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அப்ப நான் எதுக்கு வாரேன் என்றாள், யாரிடம் என்று இல்லாமல். நான் முடியாது என்று சொன்னால் அந்தப் பை தோளுக்குப் போகும், அவள் படியிறங்குவாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள், அதற்கடுத்ததும். அவளை எனக்குத் தெரியும். சண்டை போடமாட்டாள். வராமல் இருப்பாள்.

கோமதி சொல்லுவதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் தொல்லை. அவன் வெறும் பிடிவாதக்காரன் என்றால் எவ்வளவு சுலபம். நீ யோசிச்சுப் பாருல என்கிறான், எந்தக் குலமும் என்ன வேணும்னாலும் ஆகலாம்னா அப்புறம் எதுக்குக் குலம், கொம்பு வச்ச மானுடன், வாலு வச்ச மானுடன், பச்சை கலர் மானுடன், எல்லாம் மாறுவேஷப் போட்டிதான. கம்ப்யூட்டரில் அவன் விளையாடுகிற வேறொரு விளையாட்டில் அப்படித்தான் ஆக்கிவிட்டார்களாம், பூதமும் புனித வீரன், பேயும் புனித வீரன், இப்போது புனிதம் என்றால் கையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் வரும், அவ்வளவுதான் மிச்சம். ஒரு உலகம் என்றால் அதில் முடியாதது சிலது இருக்க வேண்டும் என்கிறான். தண்ணீர் மேலே ஏறாது, செத்தவன் திரும்பமாட்டான். அவனே செத்தவன், தன் ஆளைத் திருப்பிக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் ஏதாவது மூலிகையைக் காட்டியிருப்பேன், எனக்கு முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராது. கேட்காமல் ஆற்றோடு விட்டான். அந்த நேர்மையோடுதான் இதையும் சொல்லுகிறான். சரிதான் கோமதி, தண்ணீர் மேலே ஏறாது. ஆனால் தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். அரக்கர் கை பட்டுத் தீ அணைந்ததை யார் பார்த்தது. நான் உண்டாக்கிய உலகத்தில் அப்படி ஒரு நாளை நான் உண்டாக்கவே இல்லையே. முதுகைக் காட்டி நின்றார்கள் என்றேன், ஏன் காட்டினார்கள் என்று சொல்லவில்லை, ஒருவேளை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னவர்கள் இருந்தார்களோ என்னவோ, அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படியே வாயில் வந்தது, சொன்னேன், அது சட்டமாகிவிட்டது. மின்விசிறி சுற்றும்போது டக் டக்கென்று ஏதோ இடிக்கிறது. போர்டில் யாரோ வரைந்த லென்ஸ் படம், அதில் நுழைகிற கோடு, வெளியே வரும்போது வளைந்த கோடு. கால் ஆடிக்கொண்டேயிருக்கிறது, என் கால்தான், நிறுத்தினால் மறுகால் ஆடுகிறது.

தாத்தா கதையில் அரக்கன் அழுவான். எனக்கு அரக்கன் என்றாலே அந்த அழுகைதான், மற்றவர்களுக்குப் பல்லும் நகமும். பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான், முழங்கால் ஓலைக்கு மேலே தெரியும், ஊருக்குள் மேளம் கேட்கும், சோறு பொங்குகிற வாசனை வரும், அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுவான், கண்ணீர் விழுந்த இடத்தில் குளம் கிடக்கும். நான் தாத்தாவின் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு கேட்பேன், அவன் ஏன் தாத்தா ஊருக்குள்ள வரல. வரமாட்டான். கூப்பிட்டா. கூப்பிட யாரு இருக்கா. அதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் அவ்வளவு இளகிப்போகும், வயிறு ஏறி இறங்குவது என் காதுக்குத் தெரியும், அந்த அரக்கனுக்காக அவரும் அழுவார் போலிருக்கும். இவ்வளவு இரக்கம் உள்ள மனுஷன் என்று நான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். இரக்கம் இருந்தது, பனைமரத்தடி வரைக்கும் இருந்தது. கதை என்னவோ தினமும் மாறும், அரக்கன் ஒருநாள் ஒற்றைக் கண்ணன், ஒருநாள் ஊமை, ஒருநாள் ராஜாவின் மகளுக்கு மோதிரம் தேடிக் கொடுத்தவன், உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் மாறாது. அதைத்தான் நான் எடுத்துவந்து, மேலே தீயும் கோட்டையும் கட்டி, என் கற்பனை என்று இவர்களிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு வியர்க்கிறது. ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். திறந்துதான் இருக்கு என்றாள் முப்பிடாதி.

போன பங்குனி உத்திரம். அதற்குத்தான் வந்து நிற்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும், இவ்வளவு நேரம் அதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும், எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் வந்துவிடுவார்கள். இவர்கள் மூன்று பேரும் எங்கள் சாஸ்தா கோயிலைப் பார்க்க வருகிறோம் என்று என்னோடு கிளம்பிவிட்டார்கள், காட்டுக்குள்ளே கோயில், பொங்கல் நன்றாயிருக்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். வாசலில் தாத்தா வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டான்லி நான் வேற கம்பெனி தாத்தா என்று சொல்லிவிட்டுத் தானாகவே மரத்தடிக்குப் போய்விட்டான். கோமதியைத் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார். முப்பிடாதியிடம் கேட்டார், பிள்ளைக்கு எந்த சாஸ்தா. இங்கே அது சாதாரணக் கேள்வி, எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்பார், பதிலிலேயே ஆள் எந்தக் குலம் என்று தெரிந்துவிடும். அவள் சொன்னாள். தாத்தா தலையை ஆட்டினார். ஒரு மூச்சு விட இடம் கொடுத்தார். அப்புறம் சொன்னார், வெயில் தலையில அடிக்கு, பிள்ள அந்தத் தம்பியோட நிழல்ல இரு, பொங்கல் அங்கயே வரும். எவ்வளவு மெதுவாகச் சொன்னார். தன் பேத்தி மேல் வெயில் படுகிற மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். தாத்தாவுக்கு என் சிநேகிதர்கள் மேல் என்ன அக்கறை என்று எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது, நான் அந்த நிறைவோடு உள்ளே போய் விழுந்து கும்பிட்டேன். வந்து பார்த்தபோது அவள் மரத்தடியில் இலையில் பொங்கலைத் தின்றுகொண்டிருந்தாள், நல்லாருக்கு என்றாள், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றாள், திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்டான்லியோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்ததா. தெரியாமலா இருக்கும். தெரிந்தால் எப்படிப் பாடினாள். எனக்கு எதுவுமே தெரியவில்லை, அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை, இத்தனை மாதமும் இல்லை, இன்றைக்கு இந்த மேசையில் போனுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்து, அவங்க கை பட்டா அணைஞ்சுபோகும் என்று சொல்லி, ஒரு மூச்சு விட இடம் கொடுத்ததே, அப்போதுதான். வெயிலே இல்லை அன்றைக்கு. மரம் அடர்ந்த இடம். வாசலிலும் நிழல்தான்.

அதனால்தான், பதறிப்போய், மாத்திடுதேன் என்றேன். ஸ்டான்லி எழுந்து போவதற்குக் கொஞ்சம் முன்னால். மாத்திடுதேன் முப்பி, அது என்ன பெரிய காரியம், தீ எல்லாருக்கும் பொதுன்னு வச்சிருவோம், அரக்கரும் ஏந்தலாம், எப்பவும் ஏந்துனாங்கன்னு வச்சிருவோம், அந்த வாய்ஸ் மெசேஜ அழிச்சிருதேன். கோமதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆனால் முப்பிடாதிதான் முந்தினாள். "மாத்தாத. எப்பவும் தொறந்துதான் கெடந்துச்சுன்னு நீ சொல்லிட்டா, நான் என்னத்தத் தாண்டி உள்ள போறது?" அதற்கப்புறம்தான் ஸ்டான்லி டீ வாங்கக் கிளம்பினான், அவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் டீ வாங்கப் போய்விடுகிற குணம். மாத்தாத என்கிறாள், பையையும் மடியில் வைத்திருக்கிறாள். முடியாது என்று சொன்னால் போய்விடுவாள், முடியும் என்று சொன்னாலும் வேண்டாமாம், அப்புறம் நான் என்னதான் சொல்லுவது. கோமதிக்குத் தடை வேண்டும். அவளுக்கும் தடை வேண்டும். இதென்ன, ரெண்டு பேரும் ஒரே பக்கமா. இல்லை. கோமதிக்கு அந்தத் தடை தீயிலேயே இருக்க வேண்டும், தண்ணீர் மேலே ஏறாது என்பது போல. அவளுக்கு அது வாசலில் நிற்கிற ஆளிடம் இருக்க வேண்டும். தீ தடுத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆள் தடுத்தால் அவனை முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். ஆக வாசலில் ஆளை நிறுத்து என்கிறாள். அந்த ஆள் பேசட்டும் என்கிறாள். இந்த உலகத்தில் காவலர்களுக்கெல்லாம் குரல் கொடுக்கிறவன் நான்தான், வேறு யார். அப்படியென்றால் நான் தாத்தாவின் அந்தக் குரலில் அவளிடம் பேச வேண்டும். அழித்துவிடுவது சுகம், எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டால் நான் நல்லவன், என் வாயால் அவளை நிறுத்த வேண்டாம். முடியாது என்று சட்டம் பேசிவிடுவதுகூடச் சுகம்தான், அது நான் இல்லை, உலகம் அப்படி. ரெண்டிலும் நான் வாசலில் இல்லை. ரெண்டிலும் நான் உள்ளே விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து வா நயினாரு. வா, வந்து வாசலில் நில். அந்தக் குரல் சுலபமாக வந்துவிடுமோ என்றுதான் பயம், வராமல் போய்விடும் என்று இல்லை. வாயைத் திறந்தால் பழகின மாட்டைப் போலத் தானே வந்து நிற்கும்.

படியில் செருப்புச் சத்தம். ஸ்டான்லி பிளாஸ்க்கும் கையுமாக வந்தான், பேப்பரில் எண்ணெய் ஊறிய வடைப் பொட்டலம், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பேப்பர் கப்புகளை அடுக்கி ஊற்ற ஆரம்பித்தான். முப்பிடாதி டீயை எடுக்கவில்லை. நான் எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன். சரி, கோட்டை வாசல் என்றேன். கிழட்டுக் காவலர்களில் ஒருத்தர் எந்திரிச்சு வாரார், கருநொச்சியப் பாக்கார். சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஒரு மூச்சு. பிறகு அது வந்தது, நான் பயந்தபடியே, ஒரு சிரமமும் இல்லாமல்.

"தாயி, ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கீக. அந்தக் கல்லுல கொஞ்சம் உக்காருங்க. தீய நாங்க பாத்துக்கிடுதோம்."

ஸ்டான்லி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். முப்பிடாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மரத்தடியிலும் தெரிந்திருந்தது, பஸ்ஸில் பாடும்போதும் தெரிந்திருந்தது. அவள் முகத்தில் கோபம் தேடினேன், இல்லை, ரொம்ப நாள் காத்திருந்து கடைசியில் கவுண்ட்டரில் ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்தில் ஒன்று வருமே, அது இருந்தது.

"களைப்பு இல்ல பெரியவரே," என்றாள். "வழிய விடுங்க."

அரக்கர் கை பட்டா அணைஞ்சிரும் தாயி என்றேன், அதே மெதுவாக. ஊரு அழிஞ்சுபோகும், உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.

"அணைஞ்சத நீங்க பாத்திருக்கீகளா?"

இதற்கு அந்தக் குரலிடம் பதில் இல்லை. தேடினேன், அதன் மடிப்பெல்லாம் எனக்குத் தெரியும், எங்கேயும் இல்லை. "இல்ல தாயி," என்றேன். "சொல்லக் கேட்டிருக்கோம்."

"அப்ப இன்னைக்குப் பாருங்க."

மடியிலிருந்த கைகள் மேசைக்கு மேலே வந்தன, ரெண்டும் சேர்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க. கை வச்சாச்சு என்றாள். நயினாரு, தீ என்ன செய்யுது.

கீழே வண்டிச் சத்தம் நின்றிருந்தது. கோமதி முன்னால் சாய்ந்திருந்தான், ஜெயிக்கிற ஆசை அவன் முகத்தில் இல்லை, என்ன ஆகும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்ன ஆகும். தாத்தாவின் கதையில் இந்த இடம் கிடையாது, அவர் தாத்தா அவருக்குச் சொன்னதிலும் இருந்திருக்காது, அரக்கன் எழுந்து வந்து கையை நீட்டியதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை, இதற்கு மேல் எனக்குப் பின்னால் ஆளே இல்லை. அணைகிறது என்று சொல்ல முடியாது. பொங்கி எழுந்து வானமெல்லாம் வெளிச்சம், அசரீரி, பூமழை என்று சொல்லலாம், வாய் வரைக்கும் வந்துவிட்டது, அதுவும் பொய், அவளைத் தூக்கித் தனியாக வேறொரு மரத்தடியில் வைப்பது. அது தீ. கை வைத்திருக்கிறாள். தீயில் கை வைத்தால் என்ன ஆகும்.

"சுடுது," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சுடுதா என்றாள் முப்பிடாதி. ஆமா, அணையல, எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கு, கை சுடுது. அவள் கோமதியின் பக்கம் திரும்பினாள். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். எதையோ மனதுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் சுட்டுச்சு," என்றான். "மொத தடவ ஏந்துனப்ப. உருட்டச் சொன்னான்ல இவன், பாதி உயிரு போயிட்டு."

டைஸை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

முப்பிடாதி உள்ளங்கைகளை வாய்க்குக் கொண்டுபோய் ஊதினாள், ஒன்றை, பிறகு மற்றதை. அப்புறம் உருட்டினாள்.